செங்கேணி வீட்டுக் கிழக்கு ஜன்னல்

விறகு ஈரம். செங்கேணி ஊத ஊத அடுப்பு எரியாமல் புகைந்தது. கூழ் கொதிப்பதற்குள் குடிசை முழுக்கப் புகை நிறைந்து, மூலையில் படுத்திருந்த அம்முலு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சின்னஞ்சிறு பெண். இழுப்பு வந்துவிட்டால் அதற்கு அழக்கூட மூச்சு போதாது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வர, வாயை மட்டும் திறந்து திறந்து மூடும். செங்கேணி பானையை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையை வாரிக்கொண்டு, குனிந்து, வெளியே ஓடினாள். குனியாமல் அந்தக் குடிசைக்குள் யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது.

"இன்னும் கொஞ்ச நாளுதாண்டி, கண்ணு. புது வூட்ல உனுக்கு ஜன்னலு கீது. காத்து சும்மா குபுகுபுன்னு வரும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்லி அனுப்பினார். "மருந்து குடுக்கறேன். ஆனா புகையிலேயே வச்சிருந்தா மருந்து என்னம்மா செய்யும்? காத்து வர்ற எடத்துல படுக்க வை." காற்று வருகிற இடத்துக்குச் சேரியில் எங்கே போவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பாவம், அது அவர் எழுதிக் கொடுக்கிற மருந்தும் இல்லை.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிறது இந்த ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் வெட்கப்பட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் கட்டடப் பைத்தியம். காஞ்சிபுரத்தில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாம் ஓட்டு வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு கான்கிரீட் போட்டார்கள். முகப்பில் போர்ட்டிகோ, மாடியில் வளைவாக ஒரு பால்கனி, ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி ஒரு பலகை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த நிபுணர்கள் ஏழைகளுக்கும் சென்னையில் உட்கார்ந்து வீடு வரைந்தார்கள். 'ஏழைக்கும் காற்று, ஏழைக்கும் வெளிச்சம்' என்று பத்திரிகைகள் எழுதின.

அப்படி வரைந்த படம் ஒன்று சுருட்டிய காகிதமாக இந்த ஊருக்கும் வந்தது. ஏரிக்கரைக்குக் கீழே சேரி மக்களுக்கு ஒரு காலனி. கான்கிரீட் கூரை, நிமிர்ந்து நுழையும்படி வாசல். வாசல் மேற்கே ஏரிக்கரையைப் பார்த்திருக்கும். ஏரிக்கரை மதில் போல உயர்ந்து நிற்பதால் அந்தப் பக்கம் காற்று இல்லை. அதனால் கிழக்குச் சுவரில் வீட்டுக்கு வீடு ஓர் அகலமான ஜன்னல். அதில் நுழைகிற காற்று அடுப்புப் புகையை வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். படம் போட்டவர் புத்திசாலி. கிழக்கே ஊர்த்தெரு இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

செங்கேணி அந்த வேலையிலேயே சித்தாளாக இருந்தாள். வேலையைப் பார்த்துக்கொண்ட ஓவர்சீயர் பாண்டுரங்கன் அந்தப் படத்தைக் குழந்தையை மாதிரி வைத்திருந்தார். ஒரு நாள் அதை விரித்து, "இதுதான் உன் வீடு. இதோ பார், இந்தக் கோடு இருக்கே, இதுதான் ஜன்னல்" என்று அவளுக்கே காட்டினார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய குறை ஒன்றே ஒன்று. கடைசியாக யார் உரக்கச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக அவருக்குத் தோன்றிவிடும்.

சத்தம் போட வீராசாமி வந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. செங்கேணியின் புருஷன் எல்லப்பன் உட்பட சேரியில் பாதிப் பேர் அவருடைய கழனியில்தான் உழைத்தார்கள். சுவர்கள் எழும்பி, ஜன்னல் வைக்க விட்ட இடங்கள் வரிசையாகத் தெரிய ஆரம்பித்த அன்று, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா ஓவர்சீயர், எங்க தெருவப் பாத்துக்கினு எதுக்கு இத்தினி ஜன்னலு?"

"பிளான் அப்படிங்க. காத்துக்காக..."

"இத்தினி காலமா அவங்க மூச்சு வுடாமயா கீறாங்க? எங்க வூட்டுப் பொம்பளைங்க போற வர்ற வழி. சாமி வர்ற வழி. ஜன்னல்ல குந்திக்கினு பாத்துக்கினே கீவாங்களா? மூடு எல்லாத்தையும். செங்கல் லாரி என் பட்டா நெலத்து மேலதான் வருது. நாளைக்கே முள்ளு வெட்டிப் போட்டுட்டா உன் வேல இன்னா ஆவும்னு யோசிச்சிக்கோ."

பெண்களுக்காகவாம்! அந்தப் பெண்களோடு பக்கத்தில் நின்று நாற்று நட்டவள் செங்கேணி. அவர்கள் வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்தவள். அப்போதெல்லாம் பார்த்தால் தீட்டுப்படாதது ஜன்னல் வழியாகப் பார்த்தால் படுமோ? விஷயம் வேறு. குடிசையிலிருந்து வெளியே வருகிறவர்களைக் குனிந்த முதுகாகவே பார்த்துப் பழகிய கண்கள் அவை. ஜன்னலில் நிற்பவள் குனியமாட்டாள். நேராகப் பார்ப்பாள். அதைத்தான் அவர்களால் சகிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் ஜன்னல் என்றால் வீராசாமிக்கு உயிர். போன வருஷம்தான் சென்னைப் பங்களா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி மாடி கட்டி, சுற்றிலும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களாக வைத்திருந்தார். அந்த மாடிக்கும் கலவை சுமந்தது செங்கேணிதான்.

பாண்டுரங்கன் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் கொத்தனார் தானியேலைக் கூப்பிட்டு மூடச் சொன்னார். ஜன்னலுக்கு மேலே போட்டிருந்த கான்கிரீட் சட்டத்துக்குக் கீழே தானியேல் செங்கல்லை அடுக்கினார். அந்தச் செங்கல்லைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? தன் வீட்டு ஜன்னலை மூடுவதற்குத் தன் தலையிலேயே கல் சுமந்தாள் செங்கேணி.

"நீ போயிக் கேளு மாமா. கொயந்த படற பாடு உனுக்குத் தெரியாதா?" என்று புருஷனிடம் சண்டை போட்டாள்.

"சும்மா கெடமே. அறுப்பு வருது. ஆண்டைய எதுத்துக்கினா சோத்துக்கு இன்னா பண்றது? வூடு குடுக்கறாங்களே, அத வாங்கிக்குவோம்" என்றான் எல்லப்பன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

குடியரசு நாளன்று திறப்பு விழா என்று தகவல் வந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், கூடவே பத்திரிகைப் படக்காரரும் வருகிறார் என்றதும் பாண்டுரங்கனுக்கு வியர்த்தது. சென்னையில் வரைந்த படத்தில் ஜன்னல் இருக்கிறது. சுவரில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? கொட்டகையில் கிடந்த ஜன்னல் சட்டங்களை எடுத்து, மூடிய சுவரின் வெளிப்பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். கதவுகளைச் சாத்தி, பளபளவென்று பச்சை வர்ணம் பூசினார். தெருவிலிருந்து பார்த்தால் அழகான ஜன்னல்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் சுவர். வீராசாமிக்கும் பரம திருப்தி.

விழா நாளன்று தோரணம், மாலை, நாற்காலி எல்லாம் கிழக்குப் பக்கம் தெருவில்தான். பெரிய அதிகாரி சுவரைப் பார்த்து மகிழ்ந்து போனார்.

"பிரமாதம். ஒரு வீட்டு ஜன்னலைத் திறந்து, ஒரு தாயும் குழந்தையும் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுங்களேன்" என்றார்.

"சார், வர்ணம் இன்னும் காயலை..." என்று பாண்டுரங்கன் இழுத்தார்.

"பரவாயில்லைய்யா. ஏம்மா, நீ உள்ளே போ."

அவர் கை காட்டியது செங்கேணியை. அவள் ஒரு நொடி தயங்கினாள். எல்லப்பன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய் உள்ளே நுழைந்தாள்.

படக்காரர் பெட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பச்சைக் கதவையே பார்த்தார்கள். கதவு திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொம் தொம் என்று யாரோ கையால் குத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"ஐயா! நான் இங்கதான் நின்னுக்கினு கீறேன். தெரியறனா?"

அதிகாரி முகம் சுளித்தார். தானே முன்னால் போய்ப் பச்சைக் கதவைப் பிடித்து இழுத்தார். கதவு திறந்தது. உள்ளே செங்கல். வெள்ளையடித்த செங்கல்.

அதிகாரி பாண்டுரங்கனைப் பார்த்தார். பாண்டுரங்கன் வீராசாமியைப் பார்த்தார். வீராசாமி, "ஊருக் கட்டுப்பாடுங்க. எல்லாருமா பேசி முடிச்சது" என்று கும்பிட்டார். அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று காலனி முழுவதும் காத்திருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, இதை அப்புறம் பேசிக்கலாம். கதவைச் சாத்திட்டு வெளியிலேயே நிக்க வச்சு எடுங்க."

அப்படியே எடுத்தார்கள். அந்த வாரம் பத்திரிகையில் படமும் வந்தது. 'காற்றும் வெளிச்சமும் கொஞ்சும் புதுமாதிரி இல்லங்கள்' என்று கீழே அச்சாகியிருந்தது. எழுதினவர்களுக்குக் கை கூசவில்லை.

கார்கள் புறப்பட்டுப் போனதும் வீராசாமி எல்லப்பனைக் கூப்பிட்டார். "பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன் என் கயனில கால் வெக்கக் கூடாது. நாளைக்கு அறுப்புக்கு நீ வராதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் செங்கேணி புது வீட்டில் முதல் அடுப்பு மூட்டினாள். குடிசையிலாவது கூரை ஓலையின் சந்து வழியாகக் கொஞ்சம் புகை கசிந்து போகும். கான்கிரீட்டுக்கு ஏது சந்து? மேலே போன புகை கூரையில் முட்டிக்கொண்டு அப்படியே கீழே இறங்கியது. அம்முலுவுக்கு இழுப்பு வந்தது. இதுவரை வராத இழுப்பு. வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் அடங்கவில்லை. ஏரிக்கரை மறைத்த அந்தப் பக்கம் காற்றே இல்லை. உதடு நீலம் பாய்ந்தது.

எல்லப்பன் குழந்தையின் வாயைப் பார்த்தான். அதன் பிறகு அவன் தரையைப் பார்க்கவில்லை. விழாப் பந்தலுக்குக் குழி தோண்டிய கடப்பாரை வாசலில் கிடந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கிழக்குச் சுவரைக் குத்தினான்.

நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த பாண்டுரங்கன் சத்தம் கேட்டு ஓடி வந்தார். "எல்லப்பா! சர்க்கார் கட்டடம்டா! நிறுத்து!"

"உள்ள வந்து நின்னுக்கினு சொல்லு சார். நிறுத்தறேன்."

பாண்டுரங்கன் உள்ளே போனார். தான் கட்டிய வீட்டுக்குள் அடுப்பு எரியும்போது அவர் நுழைவது அதுதான் முதல் தடவை. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. இருமிக்கொண்டே வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் குழந்தை மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்தார். யார் சத்தமும் இல்லாமல் நியாயம் எந்தப் பக்கம் என்று அவருக்கு முதல் முறையாகத் தெரிந்தது.

"மேலே குத்தாதே எல்லப்பா. அங்கே கான்கிரீட் சட்டம் இருக்கு, அது தாங்கும். அதுக்குக் கீழே குத்து" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு தெருப் பக்கம் போனார். தான் அடித்த ஆணிகளைத் தானே பிடுங்கி, அந்தப் பச்சைச் சட்டத்தைக் கழற்றினார். "நாளைக்கு இதைச் சரியா உள்ளே வச்சுத் தர்றேன். வேலை போனா போகட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

செங்கற்கள் தெருவில் சரிந்து விழுந்தன. கிழக்குக் காற்று உள்ளே பாய்ந்தது. புகை வாசல் வழியாகச் சுருண்டு வெளியேறியது. செங்கேணி உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தையைச் சுவர் திறந்த இடத்தில் முகம் வெளியே தெரியும்படி ஏந்திக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக விலா எலும்பின் ஆட்டம் குறைந்தது. உதட்டின் நீலம் மறைந்தது.

வீராசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். "அடியே, மூடுடி அத! ஊர எதுத்துக்கினு இந்த மண்ணுல பொழைச்சிடுவியா?"

செங்கேணி நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்று அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆண்டே, உங்க மாடி ஜன்னலு பூரா எங்க சேரியப் பாத்துக்கினுதான் கீது. நாங்க குளிக்கறதும் தெரியும், அடிச்சிக்கறதும் தெரியும். என்னிக்காவது மூடச் சொன்னமா?"

வீராசாமி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வீட்டுச் சுவரில் கடப்பாரை விழுகிற சத்தம் கேட்டது. அதற்கும் அடுத்த வீட்டில் ஒன்று. வரிசை முழுவதும் கேட்டது. அவருடைய கழனியில் சம்பா தலை சாய்ந்து நின்றது. அறுக்க வேண்டிய கைகள் எல்லாம் இங்கே கடப்பாரை பிடித்திருந்தன. எத்தனை பேரை வராதே என்று சொல்வது? அவர் ஒரு தரம் தன் கழனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நடையைக் கட்டினார்.

போகிறவரின் முதுகைப் பார்த்துச் செங்கேணி உரக்கச் சொன்னாள். பாண்டுரங்கனுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.

"ஜன்னலு உள்ள கீறவங்க மூச்சு வுடறதுக்கு. தெருவுல போறவங்க கண்ணுக்கு அயகா தெரியறதுக்கு இல்ல. இன்னொருத்தர் கிட்ட உத்தரவு கேட்டுக்கினு நாங்க மூச்சு வுடணும்னா, நீங்க கட்டிக் குடுத்ததுக்குப் பேரு வூடு இல்ல, சவக்குழி!"