ஒத்த ரிங்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து மணி அடித்ததும் மற்ற பெண்களெல்லாம் கைகால் கழுவக் குழாயடிக்குப் போவார்கள். ஞானபூரணி மட்டும் நேரே கேட்டுக்கு வருவாள். விரல்களில் லேபிள் ஒட்டிய பசை காய்ந்துபோய் இருக்கும். அதைக்கூட உரிக்க மாட்டாள்.

“அண்ணே, வந்துச்சா?”

“வந்துச்சு தாயி. ஒரு ரிங்கு” என்பார் வாட்ச்மேன் சங்கிலிமுத்து.

அம்புட்டுதான். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தாயில்பட்டி போகிற கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, யார் என்ன கேட்டாலும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்வாள். மறுநாள் காலையிலேயே அந்தச் சிரிப்பு வடிந்துவிடும். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் கிடக்கிறதே என்று மலைப்பாக இருக்கும்.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. தீப்பெட்டி, பீடி, செல்போன் மூன்றுக்கும் அங்கே ஒரே மரியாதைதான். காலையில் கேட்டிலேயே போனை அணைத்து, நம்பர் எழுதிய மரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போதுதான் அது திரும்பக் கைக்கு வரும். ஞானபூரணி சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை தன் பட்டன் போனை அணைக்க மறந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் சங்கிலிமுத்து கடுகடுவென்றுதான் பேசினார்.

“போனை அமத்தாமலா வச்சிட்டுப் போவ? மதியம் அடிச்சுச்சு. ஒரு ரிங்கு.”

போனைத் திறந்து பார்த்தாள். மகள் ஜாஸ்பினின் அயர்லாந்து நம்பர். நின்ற இடத்திலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கடுகடுத்த மனுஷர் பயந்துபோய்த் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் அவள் போன் அணையாமல் கிடக்கட்டும் என்று இரண்டு பேருக்குள் பேச்சாகிவிட்டது. வந்ததா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும், எடுத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஒரு ரிங்குக்கு என்ன அழுகை என்று யாருக்கும் தோன்றும். அது அவளுடைய புருஷன் மாணிக்கராஜ் செய்துவைத்த ஏற்பாடு. அவன் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். அவனுடைய அப்பா காலத்தில் டிரங்க்கால் புக் பண்ணிவிட்டு அரை நாள் போஸ்டாபீஸ் வாசலில் காத்துக் கிடப்பார்களாம். இவர்களுக்குக் கல்யாணமானபோது எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. மாணிக்கராஜ் இந்தூரிலிருந்தோ பாட்னாவிலிருந்தோ தாயில்பட்டி பஸ் ஸ்டாப்பில் இருந்த இருளாண்டியின் பூத்துக்குக் கூப்பிட்டு, “வீட்டுல வரச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடுறேன்” என்று வைத்துவிடுவான். இருளாண்டி ஆள் அனுப்புவார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பாள். அந்தப் பக்கம் அவன் தலைக்கு மேல் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவனுக்கு ஆசையாக ஒரு வார்த்தை வருமா? “சரி, வைக்கட்டா” என்பதுதான் அவன் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை.

பிறகு செல்போன் வந்தது. வந்தும் என்ன? வெளி மாநிலம் போனால் ரோமிங். பேசினாலும் காசு, எடுத்தாலும் காசு. அப்போதுதான் மாணிக்கராஜ் சொல்லிவைத்தான். ஒரு ரிங்கு விட்டுக் கட் பண்ணினால் நல்லா இருக்கேன் என்று அர்த்தம், எடுக்காதே. இரண்டு ரிங்கு வந்தால் பேச வேண்டியிருக்கிறது, நீ கூப்பிடு. பள்ளிக்கூடம் போகாத வயதில் ஜாஸ்பின் போனுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுவாள். ஒன்றோடு நின்றுவிட்டால், “அப்பா நல்லா இருக்காகளாம்மா” என்று அடுப்படிக்கு ஓடிவந்து சொல்வாள். மாணிக்கராஜ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ஏற்பாடு போகவில்லை. நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்த நான்கு வருஷமும் ஜாஸ்பின் ஒத்த ரிங்கு விட்டுத்தான் அம்மாவைத் தூங்கவைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் எல்லாம் கெட்டது. ஞானபூரணியின் அண்ணன் மகன் ஜெப்ரினுக்குத்தான் ஜாஸ்பின் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. அயர்லாந்து போய் ஒரு வருஷம் கழித்து, அவனை அண்ணனாகத்தான் நினைக்க முடிகிறது, கட்டிக்க முடியாது என்று அவள் போனில் சொல்லிவிட்டாள். அண்ணன் வீட்டு வாசல் அன்றோடு அடைபட்டது. அந்தக் கோபத்தில் ஞானபூரணி கேட்கக் கூடாததெல்லாம் கேட்டாள்.

“இனிமே நீ எங்கிட்டப் பேச வேண்டாம். எங்கிட்டு இருந்தாலும் நல்லா இருந்தாச் சரி” என்று சொல்லிவிட்டு வைத்தவள்தான்.

மறுநாள் விடிந்ததுமே நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் கூப்பிடவில்லை. பெற்றவள் இறங்கிப் போவதா என்று ஒரு வீம்பு. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம், தாய்க்கும் மகளுக்கும் ஒரே அச்சு. வீட்டில் தனியாக உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற வேலை அதுவரை அவளுக்கு வயிற்றுப்பாட்டுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பகல் நேரத்தில் மூச்சு முட்டியது. நாலு பேர் முகமாவது பார்க்கலாம் என்றுதான் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள்.

அப்போது வந்ததுதான் அந்த முதல் ரிங்கு. பேச வேண்டாம் என்றாள் அம்மா, மகள் பேசவில்லை. நல்லா இருந்தாச் சரி என்றாள், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டாள். என்ன ரோஷம், என்ன பாசம் என்று ஞானபூரணி உருகிப்போனாள். என்றைக்காவது ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு ரிங்கு வரும், அன்றைக்கே கூப்பிட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. இரண்டாவது ரிங்கு வரவே இல்லை.

இந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ஒத்த ரிங்கும் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தீபாவளி சீசன், கம்பெனியில் மூச்சு விட நேரமில்லாமல் ஆர்டர் குவிந்து கிடந்தது. அவள் பெட்டிக்குப் பெட்டி லேபிளைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு ஓடிவந்தபோது சங்கிலிமுத்து அவள் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. அசந்துட்டீகளா? அடிச்சு, கேக்காமப் போயிருக்குமா?”

“அசந்தா எனக்கு இந்த வேலை இருக்குமா தாயி? வெள்ளிக்கிழமை ஆனா உன் போனைத் துண்டுல சுத்தி மடியிலதான வச்சிருக்கேன். முந்தியெல்லாம் ஒரு ரிங்கு அடிக்கவும் அமுக்கிருவேன். மூணு வாரமா அமுக்குறதுக்குக்கூட ஒன்னும் வரல.”

“என்னத்த அமுக்குவீக?”

“அந்தச் செவப்புப் பொத்தானத்தான். இல்லாட்டி அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே கெடக்குமே. மேனேஜர் ரூமு அடுத்தாப்புலதான இருக்கு. அவரு காதுல விழுந்தா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல.”

“மொத நாள்ல இருந்தேவா?”

“மொத நாள்ல இருந்தேதான்.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “ஏன் தாயி, தப்பாப் போச்சா?”

அவரைச் சொல்லி என்ன குற்றம்? அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்தார். அம்மா கம்பெனிக்குப் போவது ஜாஸ்பினுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த அம்மா மதியத்தில் சோறு தின்றுவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருக்கிறவள். வியாழன் ராத்திரி டூட்டி முடித்து வந்து அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முதல் ரிங்கிலேயே அம்மா கட் பண்ணுகிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும். ஒரு தடவையா இரண்டு தடவையா, ஒன்றரை வருஷம். பிள்ளை எப்படித் தாங்கியிருப்பாள்? எப்படி வேனில் ஏறினோம் என்றே ஞானபூரணிக்கு நினைவில்லை.

இருளாண்டி இப்போது அதே இடத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். பழைய கண்ணாடிக் கூண்டுக்குள் சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும்.

“அண்ணாச்சி, அயர்லாந்துக்குப் பேசணும். என்ன உண்டோ போட்டு விடுங்க.”

“வாட்ஸ்அப்புல சும்மாவே பேசலாமே மதினி.”

“இந்தப் போன்ல அது இல்ல. இப்பமே பேசணும்.”

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ரீசார்ஜ் போட்டுவிட்டு, பழைய வழக்கம் மறக்காமல், சிப்ஸ் சரத்தை ஒதுக்கிக் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார். ஞானபூரணி உள்ளே போய் நின்றுகொண்டு, போனில் இருந்த மகள் நம்பரைத் தேடிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எங்கேயோ தூரத்தில் ஒரு ரிங்கு போனது. ஒன்றே ஒன்று. கட் ஆகிவிட்டது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். படார் என்று முகத்தில் கதவைச் சாத்தியது போல் இருந்தது. இதைத்தான் பிள்ளை வாராவாரம் பட்டாள், எனக்கு ஒரு தடவைக்கே இப்படி இருக்கிறதே, எனக்கு நல்லா வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை அழுத்த விரல் வரவில்லை. வெளியே இருளாண்டி இவளைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தார்.

காதோரத்திலேயே போன் அலறியது. முதல் ரிங்கு முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

“அம்மா, நான்தான் கட் பண்ணேன்” என்றாள் ஜாஸ்பின் படபடப்பாக. “நீ பேசினா உனக்குக் காசு போகும்ல, அதான் நானே கூப்பிட்டேன். அம்மா? லைன்ல இருக்கியா?”

கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துண்டைப் பற்றி, சிவப்புப் பொத்தானைப் பற்றி, நான் ஒரு நாளும் கட் பண்ணவில்லை என்று எல்லாம் சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை நாளாகப் பதில் தெரிந்துவிட்டது என்று நினைத்திருந்த கேள்விதான் வாயில் வந்தது.

“நல்லா இருக்கியாடி?”

“இல்லம்மா” என்றாள் ஜாஸ்பின். “நீ பேசாம நான் எப்படிம்மா நல்லா இருப்பேன்? வாராவாரம் கட் பண்ணிட்ட. இனிமே கூப்பிடவே கூடாதுன்னு மூணு வாரமா இருந்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “சோறு வைக்க நேரமாச்சோ உனக்கு? வச்சிரட்டா?”

ஞானபூரணி சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் சுவரோடு சாய்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வச்சிராதடி” என்றாள். “சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன். வச்சிராத.”