கோமதியின் கால் பாவாத காலம்

வெண்குன்றம் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தவர்களின் கால், முடிவு தெரியும்வரை தரையில் பாவாது. மற்றக் கல்லூரிகள் விண்ணப்பம் கிடைத்தது என்று குறுஞ்செய்தி அனுப்பும். வெண்குன்றத்தில் அந்தப் பழக்கம் இல்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் ஆள் ஒரு சாண் உயரம் எழும்பிவிடுவார். அதுதான் ரசீது.

கோவில்பட்டியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஆவுடையப்பனின் மகள் கோமதி, விண்ணப்பம் அனுப்பிய மறுநாள் காலையில் பல் தேய்க்கக் குழாயடிக்குப் போனாள். அம்மா செண்பகம் அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மகளின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே பூனை ஒன்று குனியாமல் நடந்து போனது.

“போய்ச் சேந்திருச்சு போலிருக்கே” என்றாள் செண்பகம்.

“ஆமாம்மா.”

“நல்லதாப் போச்சு. இந்த இடத்துல பாசி வழுக்கும்.”

கோமதிக்குச் சின்ன வயதிலிருந்தே காற்றைப் பற்றிப் படிக்க ஆசை. பஞ்சரான டயரிலிருந்து போகிற காற்று எங்கே போகிறது என்று அவள் கேட்பாள். “வெளிய இருக்க காத்தோட சேந்துக்கிடும்” என்பார் ஆவுடையப்பன். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அதற்கு மேல் தெரிந்தவர்கள் வெண்குன்றத்தில் இருந்தார்கள். அங்கே காற்றுக்கென்றே ஒரு துறை இருந்தது. சேர்த்துக்கொள்ளும் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் ஒரு கை போதும்.

விதிகள் எளியவை. தேறாதவர்கள் அவ்வப்போது இறங்குவார்கள். அவர்கள் இறங்க இறங்க, மிச்சமிருப்பவர்கள் மேலே போவார்கள். கடைசியில் தேறியவர்களும் இறங்குவார்கள். அவர்களுடைய உள்ளங்காலில் வெண்குன்றத்து வெள்ளை மண் ஒட்டியிருக்கும். அதற்கு முன்னால் எந்தக் காரணத்தாலாவது தரையைத் தொட்டுவிட்டால் விண்ணப்பம் ரத்து. முடிவு எப்போது வரும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டால், ஒரு பெண்குரல் மிகுந்த பிரியத்தோடு “மேலேயே இருங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடும்.

கோமதி தினமும் கேட்டாள். அந்தக் குரலும் தினமும் அதே பிரியத்தோடு சொன்னது.

சீக்கிரமே அவள் கட்டில் உயரத்துக்கு வந்தாள். பிறகு ஜன்னல் உயரம். செண்பகம் ஒரு பழைய நூல் புடவையை முறுக்கிக் கயிறாக்கி, ஒரு முனையை மகளின் இடுப்பிலும் மறுமுனையை அம்மிக்கல்லிலும் கட்டினாள். வீட்டில் மின்விசிறி போடுவது நின்றுபோனது. சாத்தூரிலிருந்து வந்த அத்தை ஜோதிமணி புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

“எம்மக சுகந்தியும் விண்ணப்பம் போட்டா. மறுநாளே எறங்கிட்டா. ஒரு வகையில நிம்மதி. காத்துல நின்னா முட்டி தேஞ்சிரும்னு சொல்லுதாக.”

“தரையில நின்னாத்தான அத்தை தேயும்?” என்றாள் கோமதி.

“அதையும் சொல்லுதாக” என்றாள் அத்தை.

தெருவில் அவளுக்கு வேலை கூடியது. ஒட்டடை அடிக்கக் கூப்பிட்டார்கள். டியூப்லைட் மாற்றக் கூப்பிட்டார்கள். முருங்கை உச்சியில் கம்பளிப்பூச்சி அண்டாத காய்களைப் பறித்துத் தரச் சொன்னார்கள். கோமதி எல்லாவற்றையும் செய்தாள். செய்யும்போதும் ஒரு கண் தன் பாதத்தின் மேலேயே இருந்தது. கொஞ்சம் இறங்கியதுபோலத் தெரிந்தால் இடுப்புக் கயிற்றைச் சாண் போட்டு அளப்பாள். ஏறியதுபோலத் தெரிந்தாலும் அதே கயிற்றை அதே மாதிரி அளப்பாள். சோறு இறங்கவில்லை. மேலே இருப்பவர்களுக்குச் சோறு இறங்குவது சிரமம்தான் என்று டாக்டரும் சொன்னார்.

வீட்டுக் கூரையில் அவள் தலை இடித்த அன்று செண்பகம் அம்மியோடு அவளை மொட்டைமாடிக்கு மாற்றினாள். சாப்பாட்டுத் தூக்கைத் தொரட்டிக் கம்பில் மாட்டி மேலே நீட்டினாள்.

அங்கிருந்துதான் கோமதி ஜெபராஜைப் பார்த்தாள். தேவாலயத் தெருவில், வேப்பமரத்துக்கு மேலே, பள்ளிச் சட்டையோடு ஒருவன் மிதந்துகொண்டிருந்தான். அவன் கயிற்றின் மறுமுனை கீழே ஒரு மொபெட்டில் கட்டியிருந்தது. அவனுடைய அப்பா வேலைக்குப் போகும்போது அவனும் பின்னாலேயே பட்டம்போலப் போவான். சாயங்காலம் திரும்பி வருவான்.

“நீயும் வெண்குன்றமா?” என்று கூரைகளுக்கு மேலாகக் கத்தினாள் கோமதி.

“ஆமா. காத்துத் துறை.”

“நானும் அதான்.”

ஊரில் வேறு யாரும் மேலே இல்லை. மற்றவர்கள் எல்லோரும் இறங்கி, டைப்ரைட்டிங் கற்கவும் மாமா வீட்டுக்குப் போகவும் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

“எனக்குக் கிடைச்சா நீ கோவப்படுவியா?” என்று கேட்டான் ஜெபராஜ்.

“படுவேன். எனக்குக் கிடைச்சா நீ?”

“நானும் படுவேன்.”

அது முடிவானதும் இருவரும் நிம்மதியாகப் பேசத் தொடங்கினார்கள். எந்தக் காக்கா எந்தக் கம்பத்துக்குச் சொந்தம் என்பதில் தொடங்கி, கனவில் தரையைத் தொட்டால் விண்ணப்பம் ரத்தாகுமா என்பதுவரை பேசினார்கள். ஜெபராஜ் தூங்கும்போதும் முழங்காலை மடக்கியே வைத்திருந்தான்.

ஆடி பிறந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பறந்தது.

செண்பகம் மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். அம்மி மெல்ல அசைந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தெருவுக்கு மேலே போனது. “ஏட்டி, அம்மிய விட்டுராத. எங்கம்மா வீட்டுச் சீர்” என்று அவள் கத்தினாள். அதே காற்று தேவாலயத் தெருவிலிருந்து மொபெட்டையும் எடுத்து வந்தது. அம்மி பறக்கிற காற்றில் மொபெட் பறப்பதைக் குறை சொல்ல முடியாது. நடுவானத்தில் இரண்டு கயிறுகளும் பின்னிக்கொண்டன. இருவரும் ஒன்றாகச் சந்தையின் மேலே வந்து சேர்ந்தார்கள். கீழே தக்காளியும் வெங்காயமுமாகச் சந்தை நிறைந்து கிடந்தது.

அப்போதுதான் ஜெபராஜ், “எனக்குக் கால் கனக்குது” என்றான்.

கோமதி அவன் முகத்தைப் பார்த்தாள். அது வெளுத்திருந்தது. அவன் இறங்கத் தொடங்கியிருந்தான்.

வெண்குன்றம் யாரையும் கீழே போட்டதில்லை. இலை உதிர்வதுபோலத்தான் இறக்கும். ஆனால் அது ஆளுக்கு மட்டும். மொபெட்டுக்கு வெண்குன்றம் பொறுப்பில்லை. அது அவனைக் கீழே இழுத்தது. அவன் கயிறு கோமதியை இழுத்தது.

“உன் கயித்த உருவிட்டு நீ மேல போயிரு” என்றான் ஜெபராஜ்.

“நீ மொபெட்ட அவுத்து விடு.”

“முடிச்சு முதுகுல இருக்கு. கை எட்டாது. எட்டுனாலும் கீழ ஆளுக இருக்காக.”

கோமதியின் கை தன் இடுப்பு முடிச்சுக்குப் போனது. அம்மா போட்ட முடிச்சு. ஓர் இழுப்பில் உருவிக்கொள்ளும். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அவன் கயிற்றைப் பிடித்து, தன்னிடமிருந்த மிதப்பை எல்லாம் கூட்டி மேல்நோக்கி இழுத்தாள். ஏன் உருவவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். “கை வரல” என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள்.

அவள் இழுத்ததில் வேகம் தணிந்தது. ஆனாலும் தரை வந்துகொண்டே இருந்தது. தக்காளிக்காரர்கள் குவியல்களை ஒதுக்கி இடம் விட்டார்கள். கோமதி முழங்காலை மடக்கினாள். அது போதாது என்று தெரிந்தது.

காற்றுப் போன திசையைப் பார்த்து ஆவுடையப்பன் ஓடிவந்துகொண்டிருந்தார். கடையிலிருந்த பெரிய லாரி டியூபைக் காற்றடித்து உருட்டிக்கொண்டே வந்தார். அதை மகளுக்கு நேர் கீழே படுக்கப் போட்டுவிட்டு நகர்ந்தார். மொபெட் ஒரு பக்கம், அம்மி ஒரு பக்கம், ஜெபராஜ் நடுவில். கோமதி டியூப் மேல் வந்து நின்றாள்.

வெங்காயக்காரர் சுப்பையா தராசைக் கீழே வைத்தார். “டியூப் தரையில கெடக்கு. பிள்ள டியூப் மேல நிக்கா. அப்ப தரையிலதான் நிக்கா.”

“டியூபுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“காத்து.”

“அப்ப எதுமேல நிக்கா?”

சுப்பையா குனிந்து டியூபை விரலால் அழுத்திப் பார்த்தார். “காத்து மேலதான்” என்றார்.

ஆனாலும் எதற்கும் கேட்டுவிடுவது நல்லது என்று வெண்குன்றத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பெண்குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “மேலேயே இருங்கள்” என்றது.

அதற்குள் ஜெபராஜின் அம்மா எஸ்தர் வந்துவிட்டாள். மகனை உட்காரவைத்து, இரண்டு பாதங்களையும் தூக்கிப் பார்த்தாள். சந்தையே குனிந்து பார்த்தது. இடது பாதத்தில் ஒரு தக்காளித் தோல் ஒட்டியிருந்தது. வேறு எதுவும் இல்லை. எஸ்தர் அதை எடுத்துப் போட்டுவிட்டு, பாதத்தை முந்தானையால் துடைத்தாள்.

ஜெபராஜ் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் போய் அழுதான். அந்த இடத்தில் அழுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. திரும்பி வந்து இரண்டு வடை தின்றான். தரையை மிதித்துப் பார்த்தான். இன்னொரு முறை மிதித்தான்.

“கெட்டியா இருக்கு” என்றான் கோமதியிடம்.

“கோவமா?”

“இருக்கு. சொன்ன மாதிரியே.”

அவனே கயிறுகளின் சிக்கலை எடுத்தான். கடைசிச் சுற்றைப் பிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் தாமதித்தான். பிரித்ததும் கோமதி மேலே போனாள். முன்பு இருந்ததைவிட அதிகமாகவே போனாள். அம்மியை மறுபடி மாடியில் கொண்டுபோய் வைத்தபோது, கயிற்றோடு இன்னும் இரண்டு புடவைகளை முடிய வேண்டியதாயிற்று.

ஆவணி வந்தது. ஜெபராஜ் உள்ளூர்க் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தான். மாலையில் மாடிக்கு வந்து, அன்று நடத்திய பாடத்தை மேலே பார்த்துக் கத்துவான். கோமதி சந்தேகம் கேட்பாள். அவனுக்குத் தெரியாததை மறுநாள் கேட்டு வந்து சொல்வான்.

மற்ற நேரத்தில் அவள் தனியாக இருந்தாள். தொலைபேசியில் கேட்பதை விட்டுவிட்டாள். பாதத்தைப் பார்ப்பதும் தானாகக் குறைந்தது. அந்த உயரத்தில் பார்ப்பதற்கு வேறு விஷயங்கள் இருந்தன. கழுகுமலைப் பக்கம் மேகம் கூடுவது தெரிந்தது. காற்று எந்தத் தெருவில் திரும்பி எந்தச் சந்தில் ஓய்ந்து நிற்கிறது என்பது தெரிந்தது. கீழே தீக்குச்சி காயவைக்கிற பெண்கள் தினமும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

“ஏட்டி கோமதி, மழை வருமா?”

“வராது. விரிங்க.”

ஒருநாள் அப்படிச் சொல்லித் தவறிப்போனது. வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்து குச்சிகள் எல்லாம் ஊறிவிட்டன. பேச்சிமுத்து என்பவள் நனைந்த தலையோடு அண்ணாந்து திட்டினாள். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலையேன். நாங்க என்ன உன்னக் கடிச்சா திங்கப்போறோம்?”

கோமதிக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. மறுநாள் அதே கேள்வி வந்தபோது வானத்தை நிதானமாக நாலாபக்கமும் பார்த்துவிட்டு, “தெரியல” என்றாள். அந்தச் சொல்லைத் தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கீழே இருந்தவர்கள் “சரி” என்றார்கள். குச்சிகளில் பாதியை விரித்தார்கள், பாதியை உள்ளே வைத்தார்கள். வேலை நடந்தது. அன்று தொரட்டியில் வந்த தூக்கு காலியாகத் திரும்பியது. செண்பகம் அதை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, மறுபடி சோறு வைத்து அனுப்பினாள்.

புரட்டாசியில் ஒரு முற்பகல், கோமதி இறங்கினாள். இலைபோலத்தான் இறங்கினாள். தெரு கூடிவிட்டது. ஆவுடையப்பன் கையிலிருந்த காற்றடிக்கும் பம்பைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். ஜெபராஜ் வகுப்பிலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்கினான். செண்பகம் மாடியில் பாய் விரித்து மகளை உட்காரவைத்தாள்.

“பாக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“பாரும்மா.”

செண்பகம் இடது பாதத்தைத் தூக்கினாள். சுத்தமாக இருந்தது. வலது பாதத்தைத் தூக்கினாள். அதில் குதிகாலிலிருந்து விரல்வரை வெண்குன்றத்து வெள்ளை மண் அப்பியிருந்தது.

ஆவுடையப்பன் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “வலது காலுக்குக் கெடச்சிருக்கு” என்றார்.

“காத்துத் துறைதானா?” என்று கேட்டான் ஜெபராஜ்.

கோமதி மண்ணை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். “அதேதான்” என்றாள். ஜெபராஜ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். கோபம் கொஞ்சம் இருந்தது. அதோடு சேர்த்தேதான் குலுக்கினான்.

“இடதுக்கு எங்க காலேஜ்ல எடம் இருக்கு. நாளைக்கே கேட்டுருவோம். பெஞ்சுல என் பக்கத்துலயே எடம் போட்டு வைக்கேன்.”

“வீட்டுப் பக்கத்துல ஒண்ணாவது இருக்கட்டும்” என்றாள் செண்பகம்.

அடுத்த திங்கட்கிழமை வலது கால் வெண்குன்றத்துக்குப் பஸ் ஏறியது. ஆவுடையப்பன் கண்டக்டரிடம் ஜன்னலோர இருக்கையாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். இடது கால் ஜெபராஜோடு கல்லூரிக்குப் போனது. மீதிக் கோமதி தங்குவதற்கு, இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் விடுதி பார்த்தார்கள். அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று விசாரித்த இடத்தில் சொன்னார்கள்.