மெல்லக் கூடாது

கண்ணுகளா, சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் இருந்தால் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். இது ஒரு வாயைப் பற்றிய கதை. அதுவும் நல்ல வாய் அல்ல.

அந்த வாய்க்குச் சொந்தக்காரர் முடி திருத்துகிறவர். கடைத்தெருவில் எல்லோரும் அவரைச் சீப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் எப்போதும் சீப்பு இருப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அது அவருடைய மேல்வரிசைப் பற்களுக்கு வைத்த பெயர். ஒன்று இருந்தால் அடுத்தது இருக்காது. இருந்தவையும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. ஈறு வெந்த பீட்ரூட் நிறத்தில் உப்பியிருக்கும், அழுத்தினால் வெள்ளையாக ஏதோ கசியும். நாற்றத்தை எப்படிச் சொல்வது? பூஜாடியை மாற்ற மறந்துபோய்ப் பல நாள் கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறீர்களா? அது. அவர் மனைவி முதலில் தலையணை உறையை மாற்றிப் பார்த்தாள். பிறகு திரும்பிப் படுத்துப் பார்த்தாள். கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, உங்க வாய்க்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு."

கடையில் இரண்டு நாற்காலிகள். ஜன்னல் பக்கத்தது அவருடையது, உள்பக்கத்தது மனைவியின் தம்பியுடையது. சவரம் என்பது ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகம் குனிந்து செய்கிற வேலை. வந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு ஜன்னல் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும், படித்த பேப்பரையே திரும்பப் படித்துக்கொண்டு மச்சினனுக்காகக் காத்திருந்தார்கள். அதையெல்லாம் சீப்பு பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது காப்பிக்கொட்டைக்காரர் விஷயத்தில்தான்.

அவர் பக்கத்துக் கடையில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறவர். மூக்கால் பிழைக்கிற மனிதர். சட்டியில் நாலு கொட்டை தீய்ந்தால் தெருவில் நின்றபடியே சொல்லிவிடுவார். இரண்டு பேருக்கும் தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து, தன் கடையைத் திறக்கும் முன் அவருக்குச் சீப்பிடம்தான் சவரம். ஒருநாள் அவர் நேராக உள்ளே போய் மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகுவலிக்கு இந்த நாற்காலிதான் தோதாக இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இரண்டு நாற்காலியும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. எப்படியாவது அந்த மனிதர் தன் நாற்காலியில் மறுபடி உட்கார வேண்டும் என்று சீப்பு அன்றே பல் டாக்டரிடம் போனார்.

மேலே மிச்சமிருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கி, தாடை எலும்பில் நாலு திருகு இறக்கி, அதன்மேல் தற்காலிகமாக ஒரு பல்வரிசை மாட்டுவதாகச் சொன்னார் டாக்டர். எலும்பு வளர்ந்து திருகைக் கவ்விக்கொண்ட பிறகு நிரந்தர வரிசை. திருகு என்றதும் சீப்புக்குத் தெம்பு வந்தது. கத்தரிக்கோலிலும் திருகுதானே இருக்கிறது.

ஊசி போட்டதில் வாய் மரத்ததே தவிர காது மரக்கவில்லை. ஒவ்வொரு பல்லும் ஈரத்துணி கிழிகிற சத்தத்தோடு வெளியே வந்தது. ஒன்று உடைந்து, வேரை நெம்பித் தோண்டினார்கள். தட்டைப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டார். பழுப்பாகப் பற்கள், அவற்றில் ஒட்டிய சதை, ஒரு வேரின் நுனியில் ஊறிய பட்டாணி மாதிரித் தொங்கிய சீழ்ப்பை. எலும்பில் துளை போட்டபோது முடி கருகுகிற வாடை வந்தது. அந்த வாடை தொழிலில் அவருக்குப் பழக்கம். தன்னிடமிருந்தே வருவதுதான் புதிது.

வீட்டில் முகம் பூசணிக்காய் ஆனது. ஒரு கண் மூடிக்கொண்டது. கழுத்து வரைக்கும் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போனது. காலையில் ரத்தமும் எச்சிலும் காய்ந்து கன்னம் தலையணையோடு ஒட்டியிருக்க, மனைவி வெந்நீர் தொட்டு உரித்தெடுத்தாள். எதைச் சமைத்தாலும் அரைத்துக் கூழாக்கினாள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கரண்டியில் உள்ளே போனதில் பாதி, சிவப்பு நூல் கலந்து தாடை வழியாக இறங்கியது. ஈரல் துண்டு போல ரத்தக்கட்டி விழுந்த கிண்ணத்தை அவள்தான் கொண்டுபோய்க் கொட்டினாள். பிறகு அவர் காதில் விழக் கூடாதென்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வாந்தியெடுத்தாள்.

தையல் பிரிக்கிற நாளில் அவர் தனியாகப் போனார். டாக்டர் முகமூடியைக் கழற்றாமலே ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"இனிமே மூணு மாசம் மெல்லக் கூடாது. இதை மட்டும் மறந்துடாதீங்க."

கண்ணுகளா, 'மெல்ல' என்ற சொல்லை அந்த மனிதர் தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்! தொண்டைக்குக் கத்தி வந்தால் மெல்லப்பா. காதோரம் வந்தால் மெல்ல, மெல்ல. அவரைப் பொறுத்தவரை அதற்கு ஒரே அர்த்தம்தான். சாப்பாட்டை அவர் கடிப்பார், தின்பார், முழுங்குவார். மெல்லுவதெல்லாம் மாடு. ஆகவே டாக்டர் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது. பயந்து பயந்து பதமாக நடந்துகொள்ளக் கூடாது. நியாயம்தானே. புதுக் கத்தரிக்கோலின் திருகு இறுக்கமாக இருக்கும். பூப்போல வைத்திருந்தால் கடைசிவரை முரண்டு பிடிக்கும். போட்டு அடித்து வேலை வாங்கினால்தான் படியும்.

வீட்டில் மனைவி விசாரித்தாள். மூணு மாசம் மெல்லக் கூடாதாம் என்றார். நானும் அதைத்தான் நினைச்சேன் என்று அவள் மிக்ஸி ஜாரைக் கழுவப் போனாள். இரண்டு பேருக்கும் திருப்தி.

வீட்டில் கூழைக் குடித்தார், அவள் மனசு நோகக் கூடாதே என்று. கடையில் சட்டைப்பை நிறைய வறுத்த வேர்க்கடலை. கத்தரிக்கோல் சத்தத்தை மீறிக் கடக் முடக் என்று கேட்கும். மச்சினன் ஒருநாள் தயங்கித் தயங்கி, "மாமா, டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?" என்றான்.

"அவரு சொல்லித்தானே பண்றேன். மெல்லக் கூடாதுன்னுட்டாரு."

மச்சினன் அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தான். மாமாவுக்குப் புத்தி சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது என்று விட்டுவிட்டான்.

இதற்கிடையில் காப்பிக்கொட்டைக்காரர் திரும்பி வந்தார். புது வரிசையை எட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சீப்பு அன்றைக்குக் கத்தியை இரண்டு தடவை தீட்டினார்.

கொஞ்ச நாளில் வாயில் பழைய நாணயத்தைச் சப்புகிற ருசி வந்தது. இடது பக்கம் நாக்கால் தள்ளினால் வரிசை மெலிதாக அசைந்து, அடியிலிருந்து வெதுவெதுப்பாக ஒன்று நாக்கில் ஊறியது. படிகிறது போல என்று நினைத்து அவர் கடலையைக் கூட்டினார். புதினா மிட்டாயும் போட்டுக்கொண்டார்.

அன்று காலை காப்பிக்கொட்டைக்காரர் முகம் முழுக்க வெள்ளை நுரையோடு கண்மூடிச் சாய்ந்திருந்தார். சீப்பு மேலுதட்டுக்குக் குனிந்தார். வாயோரத்திலிருந்து மஞ்சளும் சிவப்புமாக ஒரு நூல் இறங்கியது. நீண்டது. அறுந்து நுரையில் விழுந்து பரவியது. உதட்டுக்கு ஒரு விரல்கடை மேலே, சரியாக மூக்குக்குக் கீழே. காப்பிக்கொட்டைக்காரரின் மூக்கு முதலில் சுருங்கியது, பிறகு கண் திறந்தது. காத்திருந்த எல்லோரும் கண்ணாடியில் பார்த்தார்கள். காப்பிக்கொட்டைக்காரர் கழுத்துத் துணியால் துடைத்தார், மறுபடி துடைத்தார், பாதிச் சவரத்தோடு எழுந்து போனார். தெருவில் அவர் குமட்டுகிற சத்தம் உள்ளே கேட்டது.

சீப்பு வீட்டுக்குப் போய் மனைவியையும் கூட்டிக்கொண்டு அப்படியே டாக்டரிடம் ஓடினார். வரிசையைக் கழற்றியதும் உதவிக்கு நின்ற பெண் ஓரடி பின்னால் போனாள். கீழே பச்சைப் பாசிபோல ஒரு படலம், அதில் கடலைத் தொலி. ஒரு திருகு கருவியே தேவைப்படாமல் டாக்டரின் இரண்டு விரலுக்கு வந்துவிட்டது. அதன் பின்னாலேயே சீழ் வழிந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்றார் டாக்டர்.

"கடலை. நீங்கதானே மெல்லக் கூடாதுன்னீங்க."

"ஆமா. அதான் மெல்லக் கூடாதுன்னேனே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் புரிந்தது மனைவிக்கு. தலையில் அடித்துக்கொண்டாள். "கடவுளே. பல்லால மெல்லக் கூடாதுங்க. பல்லால."

மற்ற மூன்று திருகும் எலும்பில் பிடித்திருந்தன. குழியைச் சுரண்டிக் கழுவி ஆறவிட்டு, தள்ளி இன்னொரு திருகு இறக்கினார்கள். மறுபடி வீக்கம், மறுபடி கிண்ணம், மறுபடி சாம்பல் நிறக் கூழ். இந்தத் தடவை மச்சினன் தினமும் அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். எலும்பு கவ்விக்கொண்டது, நிரந்தர வரிசையும் வந்தது. அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஒரு கருவி கொடுத்தார்கள். அது அடித்துக்கொண்டுவரும் எச்சத்தைப் பார்த்தால் இன்றைக்கும் அவருக்கே பிடிக்காது. ஆனாலும் விடுவதில்லை.

காப்பிக்கொட்டைக்காரர் ரொம்ப நாள் மச்சினனிடம்தான் போனார். ஒரு காலை, மச்சினன் நாற்காலி காலியாக இருந்தபோதே, ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தார். கழுத்துக்குத் தன் வீட்டுத் துண்டைக் கொண்டுவந்திருந்தார். சீப்பு அதைக் கவனிக்காதது போல நுரை தடவிவிட்டுக் குனிந்தார். கண்ணாடியில் பார்த்தால் அந்த மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, காது சிவந்தது. அந்த மூச்சு தீர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சீப்பு கையை வேகமாக ஓட்டினார். ஒரு கன்னம் முடிந்தது. தாடை பாதி. மேலுதட்டுக்கு வந்தபோது அடக்க முடியாமல் அவர் மூச்சு வெடித்து வெளியே வந்தது. பிறகு உள்ளே இழுத்துத்தானே ஆக வேண்டும்.

இழுத்தார். சீப்பின் கத்தி காற்றில் நின்றது. அந்த மூக்கு ஒரு தடவை விரிந்தது, இன்னொரு தடவை விரிந்தது. வறுத்த கொட்டையைக் கையில் அள்ளிப் பார்க்கும்போது விரிவதைப் போல. அப்புறம் தோள்கள் தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தன.

"மெல்லப்பா," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "எனக்கொண்ணும் அவசரமில்ல."