அவசரத்தின் கோடு

லேபில் எல்லோரும் அண்ணனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுப்பது அவன் வேலை. ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் சீரத்தை ஜெல்லில் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, புரதங்களைக் கோடுகோடாகப் பிரிப்பது தங்கச்சியின் பொறுப்பு. நோயாளிகளோடு ஒப்பிட, ஓரத்தில் நல்ல ரத்தம் ஒன்று வேண்டுமே! அதற்கு அண்ணன்தான். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு.

கொஞ்ச நாளாக அந்த ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு கூடுதலாக விழுந்தது. நோயாளிக்கு விழுந்தால் லேபே அடங்கிப்போகும்; எலும்பு மஜ்ஜையில் புற்று இருக்கலாம் என்று அர்த்தம். அண்ணனுக்கு விழுந்தால் சிரிப்பு. ரத்தம் முழுசாக உறையாவிட்டால், உறையவைக்கும் புரதம் மிஞ்சி அதே பக்கம் கோடு போடும். இவன்தான் உறையவிடாமலே குழாயை மெஷினில் போட்டுச் சுற்றுகிறவன் ஆயிற்றே!

"உன் அவசரம் ஜெல்லுல கூடத் தெரியுதுண்ணா."

"கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்டே பொறந்தவன்டி நான்," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"முதுகு வலி இன்னும் போகலையா?"

"சுளுக்கு. விடு."

அந்த வலிதான் அவளை உறுத்தியது; மஜ்ஜையில் புற்று வந்தவர்களும் முதலில் முதுகு வலி என்றுதான் வருவார்கள். மறுநாள் அவளே அவனுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். "இதைத் தொட்டே, கையை உடைச்சிடுவேன்" என்று குழாயைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். ரத்தம் கட்டியாக உறைந்து, சீரம் தெளியும்வரை காத்திருந்தாள். இனி அந்தக் கோடு விழ வழியில்லை. கடவுளே, விழக்கூடாது.

கோடுகள் தெரிய ஊற்றிய சாயத்தைக் கழுவக் கழுவ ஜெல் தெளிந்தது. ஓரத்தில் அண்ணனுடைய கோடு, கத்தியால் கீறினாற்போல் கருநீலமாக நின்றது. இதைப் பார்த்தா இத்தனை நாள் சிரித்தாள், பாவி!

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "என்னடி, என் கோடு போயிடுச்சா?"

அவள் ஜெல்லை மறைத்துக்கொண்டு நின்றாள். "இல்லண்ணா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். சரியா உறையல. இன்னொரு தடவை எடுக்கணும்."

அவன் மேசையிலிருந்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கட்டி அசையவில்லை. இறுக உறைந்திருந்தது.

குழாயை இருந்த இடத்திலேயே வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை மெல்ல மெல்ல மடித்துவிட்டான்.

"எடு," என்றான். அவனிடம் கொஞ்சம்கூட அவசரம் இல்லை.