டிரம்ஸ் அடக்கம்

எங்கள் புது ஆல்பத்தைப் பற்றிப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்திருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். அதில் ஒரு லாபம், எதுவும் கண்ணுக்குத் தப்பாது. தலைப்பு, போட்டோ எல்லாவற்றையும் தள்ளிவிட்டு என்னைப் பற்றி எங்கே இருக்கிறது என்று தேடினேன். அடியில் இருந்தது. "பாடகர் குரலில் கனிவு. டிரம்ஸ் அடக்கம்."

பேப்பரை வீட்டுக்காரி பக்கம் தள்ளினேன். "என்னைப் புதைச்சுட்டான் பாரு. எத்தனை மணிக்கு எடுக்கிறாங்கன்னு மட்டும் போடல."

அவள் கண்ணாடி போட்டுப் படித்தாள். "அந்த அடக்கம் இல்ல இது. அடக்க ஒடுக்கம்னு சொல்வோமே, அது. உங்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கார்."

"நானா? அடக்கமா?"

"அதுதான் எனக்கும் இடிக்குது" என்றாள்.

எனக்குப் பட்டப்பெயரே இடி. கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்த பேர். இவள் தம்பி பாடுவான், நான் டிரம்ஸ் அடிப்பேன், குட்டை, நெட்டை என்று இரண்டு பேர் கிட்டார். அச்சாபீஸ் ஒன்றின் பின்கட்டில் ஆரம்பித்தோம். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று அடித்துப் பழகிய கை இது. அந்தக் கைக்கு ஒருத்தன் அடக்கம் என்று எழுதினால், அவன் காதில் கோளாறு, இல்லையென்றால் ஆல்பத்தில் கோளாறு.

ஆல்பத்தை நான் அதுவரை கேட்கவில்லை. ரெக்கார்டிங்கில் அடித்துவிட்டு எழுந்து வந்தால் அதோடு சரி. சமைத்தவனுக்குப் பசி எடுக்காது. அன்றைக்கு வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கேட்டேன்.

மச்சான் குரல் முன்னால் இருந்தது, காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிற மாதிரி. கிட்டார் இருந்தது. நான் எங்கேயோ இருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம், ஜன்னலைச் சாத்திவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு அடித்தவன் மாதிரி. அடித்தது நான்தான். தாளம் என்னுடையது. பலம் என்னுடையது இல்லை.

வீட்டுக்காரி போனில் ரசிகர்கள் எழுதியதை வாசித்தாள். ஆல்பத்துக்குப் பேர் 'இன்னும் இருக்கோம்'. முதல் ஆளே "இன்னுமா இருக்கீங்க" என்று கேட்டிருந்தான். அதை விடு. அடுத்ததெல்லாம் எனக்கு.

"பாட்டு பரவாயில்ல, பெருசுக்குக் கை விழுந்துபோச்சு போல."

"பக்கத்து வீட்டுல யாரோ கதவைத் தட்டுறாங்க, போய்த் திறங்கப்பா."

அதற்குக் கீழே ஊரே சிரித்திருந்தது. வீட்டுக்காரிக்கும் உதட்டோரம் ஆடியது. நான் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டாள்.

சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் மத்தியானம் ஏற்பாட்டாளர் போன் பண்ணினார். வருகிற சனிக்கிழமை கச்சேரி, ஆல்பத்துக்காக அவர்தான் நடத்துகிறார். என்னிடம் பேசவில்லை, வீட்டுக்காரியிடம் பேசினார். "ஐயாவுக்குத் துணைக்கு இன்னொரு டிரம்மரைப் பக்கத்துல உட்கார வைக்கலாம்னு பார்க்கிறேன். ஐயா சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும். ஆல்பம் கேட்டவங்க எல்லாரும் கவலைப்படறாங்க."

துணைக்கு ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் துணைக்குக் கேமரா வைத்தார்கள். இப்போது கேமரா இருக்கிறது.

சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ரெக்கார்டிங் இடத்துக்குப் போனேன். அங்கே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறவர் ஒருத்தர், நாற்பது வயசு இருக்கும், எதிரில் பலகை நிறையக் குமிழ்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்ததிலேயே பாதி தெரிந்துவிட்டது.

"என்னை எவன் குறைக்கச் சொன்னது?"

"உட்காருங்கண்ணே. காபி சொல்லட்டுமா?"

"காபி வேணாம். ஆளைச் சொல்லு."

அவர் குமிழ்களைப் பார்த்தார். "உங்க வீட்டு ஆளுதாண்ணே. நான் வேணாம்னுதான் சொன்னேன். மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்னாரு."

பேசிக்கிறேன் என்றவன் பேசவில்லை. அவனுக்கு ஊர் பாராட்டு, எனக்குக் கதவு தட்டுகிற வேலை. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். சின்ன வயசில் கடன் கேட்டாலும் முகத்தைப் பார்த்துக் கேட்கிற பயல். இதை மட்டும் முதுகுக்குப் பின்னால் செய்திருக்கிறான்.

நாங்கள் ஒத்திகை பார்ப்பது ஒரு டயர் கிடங்குக்கு மேல் இருக்கிற அறையில். ரப்பர் வாடை எப்போதும் இருக்கும். மச்சான் தனியாக இருந்தான். மைக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, என்னை அடக்கம் பண்ணிட்டு நீ மட்டும் வெந்நீர் குடிக்கிற?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "யார் சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கான். நாலு பேருக்குத் தெரிஞ்ச சாவு."

"மாமா, உட்காருங்க."

"இன்னைக்கு எல்லாரும் என்னை உட்காரத்தான் சொல்றீங்க. ஏற்பாட்டாளரும் அதையேதான் சொல்றார்."

அவன் எழுந்து மைக் முன்னால் நின்று எங்கள் பழைய பாட்டு ஒன்றில் மேலே போகிற வரியைப் பிடித்தான். பாதியில் குரல் கிழிந்தது. கிழிந்த துணி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. அவன் நிறுத்திவிட்டுத் திரும்ப அதே இடத்தில் பிடித்தான். திரும்பவும் அதேதான்.

"டாக்டர் கத்தாதேன்னுட்டார். மெதுவாப் பாடலாம், அவ்வளவுதான் இருக்கு. உங்க அடிக்கு மேல அது நிக்கல மாமா. எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுக் கேட்டேன். நான் இருக்கேனான்னே தெரியல."

"என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்க அக்காகிட்டச் சொல்வீங்க. அக்கா பாடாதேன்னு அழுவா. உங்களுக்குத்தான் வாய்ல எதுவும் நிக்காதே."

அது உண்மைதான். வாதாடவில்லை.

"ஊரு என் கை விழுந்துபோச்சுன்னு பேசுது."

"தெரியும். நீங்க சொல்லிடுங்க மாமா. குரல் போனது அவனுக்கு, என் கை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிடுங்க. நான் சனிக்கிழமை வரல. ஏற்பாட்டாளர் துணைக்குக் கூட்டிட்டு வர்ற ஆளையே பாடவும் வெச்சுக்கட்டும்."

சொல்லிவிட்டால் என் பேர் சுத்தம். அவன் வீட்டில் உட்காருவான். பாடாமல் அவன் என்ன செய்வான் என்று யோசித்துப் பார்த்தேன். சின்னதில் கையில் இருக்கிற பொம்மையைப் பிடுங்கினால்கூட ராகம் போட்டுப் பாடி அழுத பயல் என்று வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். படியிறங்கி வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் அந்தப் பத்திரிகைக்காரர் வந்தார். நல்ல மனுஷன்தான், நகத்தில் மை. "ஐயா, உங்க வாசிப்பில் இந்த அடக்கம் எப்படி வந்தது?" என்று கேட்டார். ஏற்பாட்டாளர் பக்கத்தில் நின்றார். துணைக்கு வந்த டிரம்மர் குச்சியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மச்சான் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

வாய் வரைக்கும் வந்தது.

"இவன் அக்காவைக் கட்டிக்கிட்டேன். தன்னால வந்துடுச்சு" என்றேன்.

பத்திரிகைக்காரர் சிரித்து எழுதிக்கொண்டார். மச்சான் ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

மேடையில் ஏறியதும் வியர்வை துடைக்க வைத்திருந்த துண்டை எடுத்து முன்னால் இருக்கிற சின்ன டிரம் மேல் இரண்டாக மடித்துப் போட்டேன். பழைய வித்தை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது கற்றது. கை முழுசாக இறங்கும், சத்தம் பாதிதான் எழும்பும். புதுப் பாட்டுகளை அப்படியே அடித்தேன். என் கையைக் குறைத்துக்கொள்ளவில்லை, குறைக்கிற வேலையைத் துணிக்குக் கொடுத்தேன். மச்சான் குரல் அதற்கு மேலே நின்றது. முதல் வரி முடிந்ததும் அவன் தோள் இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஆனாலும் முன்வரிசையில் ஒருத்தன் விரலை மடக்கிக் காற்றில் கதவு தட்டிக் காட்டினான். பார்த்து வைத்துக்கொண்டேன்.

பழைய பாட்டு வந்தது. நடுவில் பாட்டே கிடையாது, கிட்டாரும் நானும்தான். மச்சான் மைக்கை விட்டு விலகி வெந்நீர் குடிக்கப் போனான். நான் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு அடித்தேன். அச்சாபீஸ் மிஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டு அடித்தேன். கதவு தட்டினவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குதித்தான். துணைக்கு வந்தவர் குச்சிகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

மச்சான் மைக்குக்குத் திரும்பினான். துண்டு டிரம்முக்குத் திரும்பியது. கடைசிவரை அப்படித்தான் ஓடியது. கனிவாகத்தான் பாடினான், பொய் சொல்லக்கூடாது.

திங்கட்கிழமை பேப்பரில் வந்தது, "மேடையில் டிரம்ஸ் அடக்கம் சற்றுக் குறைவு" என்று. ரசிகர்கள், ஆல்பத்தில் பெருசை அமுக்கினவன் எவன், அவனைக் கண்டுபிடி என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடிக்கட்டும். என் வாயிலிருந்து வராது. இவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

ஏற்பாட்டாளர் அடுத்த ஊருக்கும் தேதி கேட்டார். துணைக்கு ஆள் பேச்சே இல்லை. அதற்காக ஒத்திகைக்குப் போனபோது மச்சான் எனக்கு முன்னால் வந்து அறையைக் கூட்டிக்கொண்டிருந்தான். டிரம் மேல் கிடந்த துண்டைப் பார்த்து, "அழுக்கா இருக்கு மாமா, அக்காகிட்டக் குடுத்துத் துவைக்கச் சொல்றேன்" என்று எடுக்கப் போனான்.

"கையை எடு" என்றேன். "துண்டு போட்டு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."