அட்மிரல் கொடுத்த வாள்

மகேஸ்வரன் அண்ணையின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், ஸ்டீல்ஸ் வீதியின் பஸ் தரிப்பிட வாங்கில்கள் எல்லாவற்றிலும் விளம்பரப் படமாக அவர்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார். வீடு வாங்க, விற்க அவரை அழைக்கலாம். அந்தச் சிரிப்பின் மேல் சனம் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கொஞ்சம் ஆறும்.

வீட்டைவிட அவர் கெட்டித்தனமாக விற்பது தன் அப்பப்பாவைத்தான். அப்பப்பா கனகசபை ஒரு மலாயன் பென்சனியர், அதாவது மலாயாவில் அரசாங்க வேலை பார்த்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். யுத்த காலத்தில் பினாங்குத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தவர். முதலில் வெள்ளைக்காரனுக்கு, பிறகு ஜப்பான்காரனுக்கு, பிறகு மறுபடியும் வெள்ளைக்காரனுக்கு. 1943இல் ஒரு ஜப்பானிய அட்மிரல் களஞ்சியத்தைப் பார்வையிட வந்தாராம். ஓர் ஆணிகூடக் குறையாமல் இருந்ததைக் கண்டு அசந்துபோனாராம். “இப்படி ஒரு நேர்மையானவனை ஜப்பானிலும் கண்டதில்லை” என்று சொல்லி, எல்லாருக்கும் முன்னால் தன் இடுப்பு வாளைக் கழற்றிக் கனகசபையின் கையில் கொடுத்தாராம். அட்மிரல் எந்த மொழியில் சொன்னார், வெறும் இடுப்போடு எப்படிக் கப்பலுக்குத் திரும்பிப் போனார் என்றெல்லாம் எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பென்சன்காரர் சொன்னால் சரிதான்.

அந்த வாள் இப்போது பிக்கரிங்கில், அண்ணையின் வீட்டு வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. உறையின் வாய்ப்பக்கத்துப் பித்தளைப் பூணில் ‘க. ச.’ என்று வெட்டியிருக்கிறது. கலியாண வீட்டுக்கு இரவல் போகும் சமையல் கிடாரத்தில், திரும்பி வருகையில் மாறிவிடக் கூடாதென்று பெயர் வெட்டுவோமே, அதே வெட்டு. ஒவ்வொரு வாணி விழாவிலும் வாளைப் புத்தகங்களோடு சரஸ்வதிக்கு முன்னால் வைத்து, பூணின் மறுபக்கத்தில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார்கள். எழுபது வருடச் சந்தனம் அங்கே காரை மாதிரி இறுகிக் கிடந்தது.

இந்த வருடம் எங்கள் ஊர்ச் சங்கத்தின் விருந்தில் ஒரு பெரிய அறிவிப்பு இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழும்பும் மண்டபத்துக்கு ‘கனகசபை மண்டபம்’ என்று பெயர் வைக்கப் போகிறார்கள். மேடையில் வாளைத் தூக்கிக் காட்ட வேண்டும், அது மினுங்க வேண்டும். அதற்காக அண்ணையின் மனைவி, குத்துவிளக்கை விளக்குவதுபோலப் பழப்புளி போட்டு அதைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டார். சந்தனக் காரை கழன்று விழுந்தது. அடியில் ஒரு வரிசை ஜப்பான் எழுத்து.

நான் மில்லிக்கனில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். இத்தனை வருடத்தில் அண்ணை அங்கே ஒரு புத்தகம் எடுத்ததாக நினைவில்லை. அன்று நேரே என் மேசைக்கு வந்து, கைபேசியில் படத்தைக் காட்டினார்.

“பிள்ளை நிலாணி, அப்பப்பான்ரை பேர் ஜப்பான் எழுத்திலை கிடக்கு. வாசிக்கத் தெரிஞ்ச ஆரையும் பிடியும். ஸ்பீச்சிலை சொல்லோணும்.”

“பேர்தான் எண்டு எப்பிடித் தெரியும் அண்ணை?”

“வேறை என்னத்தை எழுதுவான்?”

அம்மா எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் என் அம்மா பாலேஸ்வரியைப் பெயர் சொல்லி விசாரித்தது கிடையாது. அவர்களுக்கு அவர் ‘கள்ளன் தம்பிமுத்துவின்ரை பெட்டை’. அம்மா ‘அப்பு’ என்று அழைக்கும் என் தாத்தா தம்பிமுத்துவும் அதே பினாங்குக் களஞ்சியத்தில்தான் கிளாக்கராக இருந்தார். யுத்தம் முடிந்த கையோடு, திருடினார் என்று வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெயரால் அம்மாவுக்குப் பேசி முடித்த முதல் சம்பந்தம் குழம்பியது. எண்பத்தைந்து வயதிலும் அவர் அவர்களுக்குப் பெட்டைதான். என்ன திருட்டு என்று அம்மா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வரும் திருமதி ஒகாவாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒரு கப்பல் பட்டறையின் தொழிலாளர்கள், கடற்படையின் பொறியியல் லெப்டினன்ட் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த வாள். ஜப்பானியக் கணக்கில் ஷோவா இருபதாம் ஆண்டு, மூன்றாம் மாதம். அதாவது 1945 மார்ச்.

“அட்மிரல் என்று எங்கேயாவது இருக்கிறதா?” என்று கேட்டேன்.

இல்லை என்றார். பிறகு, வாள் ஏன் இப்படி மினுங்குகிறது என்று கேட்டார். புளியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

லெப்டினன்டின் பெயரை வைத்து ஜப்பானில் அவருடைய மருமகனைத் தேடிப் பிடித்ததும் திருமதி ஒகாவாதான். தொலைபேசியில் பேசிவிட்டு வந்து சொன்னார்: லெப்டினன்ட் 1945 மே மாதம்தான் அந்த வாளோடு பினாங்குக்குப் போனார். ஜப்பான் சரணடைந்தபோது எல்லா அதிகாரிகளின் வாள்களையும் துறைமுகக் களஞ்சியத்தில் ஒரு அறைக்குள் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார். வாள் திரும்ப வேண்டுமா என்று கேட்டதற்கு, மாமா இருக்கும்வரை அதன் பேச்சையே எடுக்க விட்டதில்லை, எங்களுக்கு வேண்டாம் என்று மருமகன் சொல்லிவிட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்தே இராத வாளை 1943இல் பரிசாக வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கனகசபையாகத்தான் இருக்கும். ஜப்பான் எழுத்து தெரியாததால் திகதியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்பக்கத்திலேயே தன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார். இந்தப் பகிடியை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்.

“நாப்பத்தைஞ்சோ? வடிவாப் பாத்தனியே?”

“ஓம் அம்மா.”

“அப்புவை வேலையாலை நிப்பாட்டினது ஒரு வாளுக்குத்தான், பிள்ளை,” என்றார். “ஜப்பான்காரற்றை வாளுகளை ஒரு அறையிலை போட்டுப் பூட்டினவங்கள். அந்தப் பூட்டின்ரை திறப்பு ரெண்டு பேரிட்டைத்தான் இருந்தது. ஒண்டு அப்புவிட்டை, மற்றது கனகசபையரிட்டை. ஒரு வாளைக் காணேல்லை. கனகசபையர் வெள்ளைக்காரனோடை நல்ல ஒட்டு. அப்புவுக்கு வேலையும் போச்சு, பென்சனும் போச்சு. பத்து வருஷம் கழிச்சுக் கனகசபையர் வாளோடை ஊரிலை வந்து இறங்கினார். அப்பு போய்ப் பாத்திட்டு, காணாமப்போன வாள் இதுதான் எண்டவர். ஊரே சிரிச்சுது. நாப்பத்திமூண்டிலை அட்மிரல் குடுத்த வாள் நாப்பத்தைஞ்சிலை எப்பிடியடா காணாமப்போகும் எண்டு சிரிச்சுது. இப்ப சங்கத்திலை மூத்தவன் எண்டு இருக்கிற இந்த இராஜரட்ணமும் நிண்டு சிரிச்சவன். மகேஸ்வரன் அப்ப பிறக்கேல்லை, அவனுக்குக் கள்ளன் எண்ட பேர் மட்டுந்தான் தெரியும்.”

உடனே அண்ணையை அழைத்து நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கைபேசியை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொன்னால் கள்ளன்ரை பேத்தி சொல்லுறாள் எண்டுவினம். அவன்ரை வாயாலை வரோணும். நான் சாகமுன்னம் வரோணும். வாசிச்சதை மட்டும் சொல்லு, அப்புவின்ரை கதையை எடாதை.”

அப்படியே செய்தேன். திகதியைச் சொன்னேன், சரணடைந்த வாள்களைப் பூட்டி வைத்த அறையைச் சொன்னேன். அந்த அறையைப் பற்றி மட்டும் குரலைத் தாழ்த்தி இன்னொரு முறை கேட்டார். மனிதர் வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவரைப் பற்றி நான் வாழ்நாளில் நினைத்த ஒரேயொரு நல்ல விஷயம் அது, அதுவும் பிழை.

“சரி பிள்ளை, நான் யோசிக்கிறன்,” என்றார்.

விருந்து ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். அம்மாவுக்கும் எனக்கும் சாப்பாட்டுத் தட்டுகள் போய்வரும் குசினிக் கதவோடு ஒட்டிய கடைசி மேசை. ஊரவர்களில் மிஞ்சியிருக்கும் மூத்தவரான இராஜரட்ணம் அங்கிளைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து முன்மேசையில் வைத்திருந்தார்கள். மண்டபம் நிறையச் சனம், எல்லாருடைய தட்டிலும் ரோல்ஸ். மகேஸ்வரன் அண்ணை பட்டு வேட்டியும் கோட்டுமாக மேடையேறினார். கையில் வாள், புளியில் குளித்து மின்னியது.

“இவ்வளவு காலமும் எங்கடை குடும்பம் ஒரு இரகசியத்தைக் காத்து வந்தது,” என்று தொடங்கினார். “அட்மிரல் குடுத்தது எண்டு அப்பப்பா சொன்னது தன்னடக்கத்திலை. இப்ப நாங்கள் ரிசேர்ச் செய்து பாத்தனாங்கள். உண்மை என்னெண்டால், ஜப்பான்காரன் சரணடைஞ்சு, வாளெல்லாத்தையும் வெள்ளைக்காரன் ஒரு அறையிலை போட்டுப் பூட்டி வைச்சிருந்தவன். அந்த அறையைத் திறந்து இந்த வாளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என்ரை அப்பப்பா! ஜப்பான்காரன்ரை மூக்கையும் வெள்ளைக்காரன்ரை மூக்கையும் ஒரே கையாலை அறுத்த தமிழன்!”

சனம் கைதட்டியது. எழுபது வருடமாகக் கனகசபையின் நேர்மைக்குத் தட்டிய கைகள், இப்போது அவருடைய திருட்டுக்கு இன்னும் பலமாகத் தட்டின. சங்கத்துச் செயலாளர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அண்ணையின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். கைதட்டல் ஓயும்வரை பொறுமையாக நின்றார்.

“தம்பி,” என்றார். அவ்வளவு பலமான குரல் அவரிடம் இருந்ததென்று எனக்கே தெரியாது. “பின்னுக்கு இருக்கிற எங்களுக்கு வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லும். அந்த அறையைத் திறந்து வாளை எடுத்தது ஆர்?”

அண்ணைக்கு வாய் காதுவரை போனது. ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிப் பிடித்தார்.

“என்ரை அப்பப்பா, அன்ரி! கனகசபை!”

“வேறை ஆரும் கூட இல்லையோ?”

“வேறை ஆருக்கு அன்ரி அந்தத் துணிவு? தனி ஆள்!”

முன்மேசையில் இராஜரட்ணம் அங்கிள் கையிலிருந்த ரோலைத் தட்டில் வைத்தார். தன் நாற்காலியைத் தானே மெதுவாகத் திருப்பி, மண்டபம் முழுவதையும் கடந்து, குசினிக் கதவடியில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் அவரிடம் ஏதோ கேட்டார். அவர் பதில் சொல்ல, அந்த மேசை அமைதியானது. பிறகு அடுத்த மேசை. ஊரவர்களில் வயது போனவர்கள் இருந்த மேசைகள் ஒவ்வொன்றாக வாயடைத்தன. மேடையில் அண்ணை மட்டும் பஸ் வாங்கிலில் சிரிப்பதுபோலச் சிரித்துக்கொண்டு, கைதட்டல் ஏன் மறுபடி வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நன்றி தம்பி,” என்றார் அம்மா. “நான் தம்பிமுத்துவின்ரை மகள்.”

வாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மகேஸ்வரன் அண்ணை அதைப் பிடித்தபடியே நின்றார்.