ஏணியில் பத்தாம் படி

பெயின்டருக்குத் தன் மச்சினனைக் கண்டாலே ஆகாது. அக்கா வீட்டுச் சோற்றைத் தின்று படித்து இன்ஜினியரானவன், இப்போது அக்கா புருஷனின் காலுக்கே அதிகாரி. சாரம் சரிந்ததில் பெயின்டருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் செய்யும் கம்பெனியில் இருந்த மச்சினன்தான் புதுக் காலை மாட்டிவிட்டான். தரை எங்கே படுகிறது என்று அது சொல்லுமாம். தொடையில் ஒரு பட்டை, பட்டைக்குள் இரண்டு சின்ன மோட்டார். விரல் பக்கம் அழுந்தினால் தொடையின் முன்பக்கம் துடிக்க வேண்டும், குதிகால் அழுந்தினால் பின்பக்கம்.

முதல் நாளே பெயின்டர் கேட்டான். "என்னடா இது, விரலை ஊனினா பின்னாடி துடிக்குது?"

"உங்களுக்கு அப்படித் தோணுது மாமா. பழகினா சரியாயிடும்." மச்சினன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சரி சனியன் என்று பழகினான். ஆறு வாரம் மாடிப்படியில் ஏறி இறங்கியே தொடை வீங்கிப்போனது. பின்னால் துடித்தால் விரல், முன்னால் துடித்தால் குதிகால் என்று உடம்பே எடுத்துக்கொண்டது.

இன்று கம்பெனிக்கு அவனுடைய பெயின்ட் வேலை மேஸ்திரி வந்திருந்தார். ஏணியில் பத்துப் படி ஏறி இறங்கினால் பழைய வேலை, இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். ஏணியடியில் உட்காரவைத்துப் பட்டையைக் கட்டும்போது மச்சினன் வழக்கத்துக்கு மேல் நோண்டினான்.

முதல் படியில் வலது காலை ஊன்றினான். இரண்டாவதில் இடது காலை வைத்தான். தொடையின் முன்பக்கம் துடித்தது. ஐயோ, பாதம் அதிகமாக உள்ளே போய்விட்டது, குதிகாலில் நிற்கிறோம் என்று காலைப் பின்னால் இழுத்தான். படி நழுவியது. கை பிடித்ததால் தப்பினான்.

"இது சரிப்படாதுப்பா," என்றார் மேஸ்திரி.

"மாமா சரியாப் பழகல சார். தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றான் மச்சினன், கூசாமல்.

பெயின்டர் இறங்கித் தரையில் உட்கார்ந்து, செயற்கைக் காலின் விரல் பக்கத்தைக் கையால் அழுத்தினான். முன்னால் துடித்தது.

"ஒயரை மாத்தினியா?"

மச்சினன் குனிந்து கிசுகிசுத்தான். "முதல்லயே தப்பா சொருகியிருக்கேன் மாமா. இன்னிக்குத்தான் பார்த்து மாத்தினேன். மெதுவாப் பேசுங்க, மானம் போயிடும்."

அவன் மானம்! பெயின்டர் பட்டையின் மூடியைப் பிய்த்து, சிவப்பையும் நீலத்தையும் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினான்.

"மேஸ்திரி, ஒரு நிமிஷம் நில்லுங்க."

ஏறினான். இரண்டாவது படியில் பின்னால் துடித்தது; விரல். அப்படியே மிதித்து, பத்தாம் படியில் போய் நின்றான்.

"இப்ப சொல்லுடா. யாரு பழகல?"

"இறங்குங்க மாமா, வீட்ல பேசிக்கலாம்."

"இங்க சொல்லு. அப்பதான் இறங்குவேன்."

மச்சினன் முகம் சுண்டிப்போனது. "நான்தான் ஒயரைத் தப்பா சொருகிட்டேன் சார்," என்று முனகினான்.

"மிச்சம்?"

"இன்னிக்கு... அவர்கிட்ட சொல்லாம மாத்திட்டேன்."

மேஸ்திரி மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கக்கிழமை வந்துடுப்பா," என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பெயின்டர் இறங்கியதும் மச்சினன் பட்டையை நோக்கிக் கை நீட்டினான். "மாமா, இது தப்பான கனெக்‌ஷன். சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"தொட்டுப் பாரு," என்றான் பெயின்டர். "உங்க அக்கா முகத்துக்காகக்கூடப் பார்க்க மாட்டேன்."